அகா யார் வீட்டுச் சொல்

ஆந்த்ரூஷ்கினோ
12 அக்டோபர் 1986

மூத்தவர் வீட்டுத் தேநீர்க் கெண்டிக்கு,

நலமா? நன்றாகக் கொதிக்கிறாயா? யாகூத்ஸ்க் வீடுகளில் அடுப்பில் தீ எரிவதில்லை, கம்பிதான் சிவக்கிறது என்று தபால்காரி சொன்னாள். தீ இருந்திருந்தால் தீக்கு எழுதியிருப்பேன். நாய் இருந்திருந்தால் நாய்க்கு எழுதியிருப்பேன். இரண்டும் இல்லாத வீட்டில் யாரை நடுவில் வைப்பது என்று யோசித்து, கடைசியில் உன்னைப் பிடித்தேன். நான் சொல்வதை உன் வீட்டுக்காரரிடம் அப்படியே சொல்லிவிடு.

புருஷனின் அண்ணனிடம் நான் நேரே பேசக் கூடாது, அவரும் என்னிடம் பேசக் கூடாது, பெயரும் சொல்லக் கூடாது. மூத்தவர் இங்கே வந்துபோன காலத்தில் யெகோர் இருந்ததால் கவலையில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேர் காதிலும் ஏற்கெனவே விழுந்ததைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். "உப்பு கேளுடா" என்பார் மூத்தவர். "உப்பாம்" என்பார் இவர். "அளவாப் போட்டுக்கச் சொல்லுங்க" என்பேன் நான். "அளவாம்" என்பார். சில நாள் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பார். ஆனாலும் நடுவில் இருப்பவர் சொன்னதுதான் சொன்னது. அதுதான் இந்த வீட்டுச் சட்டம். போன மே மாதம் அலசேயா ஆற்றுப் பனி உடைந்தபோது வண்டியோடும் மான்களோடும் அவர் உள்ளே போனார், உடல்தான் வெளியே வந்தது. அதற்குப் பிறகு எங்கள் நடுவில் ஆளில்லை.

தபால் ஆபீஸ் போனில் பேசலாமே என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். போனில் நடுவில் யார் உட்காருவார்கள்? அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் அகுலினா முதல் வகுப்புக்குப் போகிறாள். இந்த வருடம் வாரத்தில் சில மணி நேரம் அவள் அப்பா பேச்சான யூகாகிர் மொழியும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாடம் மூத்தவர் எழுதி அனுப்பிய தட்டச்சுத் தாள்களில் இருந்துதான். சந்தோஷமாகத்தான் அனுப்பினேன். பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் டீச்சர் பனிமான் படத்தைக் காட்டி என்ன என்று கேட்டிருக்கிறாள். இவள் அதன் வயதைப் பார்த்து, இரண்டு வயதுக் கடா என்று அவள் அப்பா சொல்லும் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். "அது எவென்காரங்க வார்த்தை. நம்மளது இல்ல" என்றாளாம் டீச்சர். மறுநாள் கடிவாளத்துக்குச் சொன்னாள், அதுவும் எவென். வெண்ணெய்க்குச் சொன்னாள், அது யாகூத். ரொட்டிக்குச் சொன்னாள், அது ருஷ்யன்.

அதிலிருந்து வீட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, இது நம்முதா, இரவலா?" எனக்கு என்ன தெரியும்? நான் எவென்காரி. இந்தப் பேச்சை யெகோரிடம் கற்றேன். எது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பார்த்தா கற்றேன்? இப்போது ஆறு உறைந்துவிட்டது. அவளும் உறைந்துவிட்டாள். அப்பா பேச்சில் ஒரு வார்த்தை வருவதில்லை. எல்லாம் ருஷ்யன். "அதுல யாரும் தப்புன்னு சொல்றதில்லம்மா" என்கிறாள்.

கெண்டியே, உன் வீட்டுக்காரரிடம் சொல். இரவல் என்று தாள்களிலிருந்து அவர் எடுத்துவிட்ட சொற்களைத் திரும்பப் போடச் சொல். அந்தத் தாள்கள் புத்தகமாக அச்சுக்குப் போவதற்குள் போட்டால், டீச்சர் வாயை மூடுவாள், என் மகள் வாயைத் திறப்பாள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

யெகோர் வீட்டில் இருப்பவள்

*

யாகூத்ஸ்க்
9 நவம்பர் 1986

தம்பி வீட்டு நாய் துமானுக்கு,

உன் பின்னங்கால் எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை உன் வீட்டம்மாவிடம் படித்துக் காட்டு. உறையின் மேல் தம்பியின் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். வேறு பெயர் எழுத என் கைக்கு உரிமை இல்லை. தபால்காரி ஏதாவது சொன்னால் பொறுத்துக்கொள்.

குழந்தை பேசாமல் இருப்பது எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் அந்த வீட்டில் தெரிந்துகொள்ள வேண்டும். போன வருடம் எங்கள் மொழித் துறைக் கூட்டத்தில் யூகாகிர்ப் பாடப் புத்தகத்துக்கான சொற்பட்டியலை வைத்தேன். தலைவர் புரட்டிப் பார்த்தார். "எவென்காரன் வந்து தன்னோடத எடுத்துக்கிட்டான், யாகூத்காரன் தன்னோடத எடுத்துக்கிட்டான், மிச்சத்த ருஷ்யங்க நாங்க எடுத்துக்கிட்டோம்னா, உங்க கையில என்னய்யா இருக்கும்? இதுக்கு எதுக்குத் தனிப் புத்தகம்? எவென் புத்தகத்தையே அந்தப் பிள்ளைங்களுக்கும் குடுத்துடலாமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மேஜையில் யூகாகிர் நான் ஒருவன்தான். நானும் சிரித்தேன், துமான். அந்தச் சிரிப்புக்காக இன்றும் என்னை நானே மன்னிக்கவில்லை.

அன்றிரவே தாள்களை எடுத்து உட்கார்ந்தேன். யாரும் வந்து "என்னுடையது" என்று உரிமை கொண்டாட முடியாத சொற்களை மட்டும் வைத்தேன். மிச்சம் இருந்தது கொஞ்சம்தான், ஆனால் அது எங்களுடையது. இல்லாத இடங்களில் எங்கள் வேர்களிலிருந்தே புதிதாகக் கட்டினேன். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் தலைவர் புத்தகத்துக்குச் சம்மதித்தார். பிப்ரவரி கடைசியில் அச்சுக்குப் போகிறது. இப்போது திரும்பப் போட்டால் அந்தச் சம்மதம் போய்விடும்.

இன்னொன்று. சொல்லத் தயக்கம்தான், ஆனாலும் நாயிடம் சொல்வதில் தவறில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தம்பி இப்படிப் பேசியவன் இல்லை. மான்கூட்டத்தோடு எவென்காரர்களிடம் போனான், அங்கேயே பெண் எடுத்தான், பிறகு அவன் வாயைத் திறந்தால் எந்த வீட்டு ஆள் என்று எனக்கே தெரியவில்லை. அதைச் சொன்னதற்குத்தான் என்னோடு பேசுவதை நிறுத்தினான்.

குழந்தை சின்னவள். சரியான சொல்லைக் கற்றுக்கொள்வாள்.

யெகோரின் அண்ணன்

*

ஆந்த்ரூஷ்கினோ
14 டிசம்பர் 1986

கெண்டியே,

உறையைப் பார்த்துத் தபால்காரி, "செத்தவருக்கு யாருடி எழுதுறது?" என்று கத்தினாள். நான் வேலை செய்யும் தையல் கூடத்தில் எல்லாரும் ஊசியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். "அவரோட அண்ணன். உசிரோட இருக்கும்போது எழுதாதவரு" என்றேன்.

கடிதத்தைத் துமானுக்குப் படித்துக் காட்டினேன். அது பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டது.

முதலில் உனக்கு ஒரு கெட்ட செய்தி சொல்கிறேன், கெண்டி. உன் பெயரே ருஷ்யன். உனக்குள் கொதிக்கும் தேயிலையும் ருஷ்யன். மூத்தவர் புத்தகத்தில் உனக்கு இடமில்லை. தினமும் காலையில் அவருக்குச் சூடாகக் கொடுத்து என்ன பிரயோஜனம்? நீயும் என்னைப்போல வந்தேறிதான். நாம் இருவரும் நடுவில் உட்கார்ந்து அழலாம்.

என் அப்பா வீட்டாரிடமிருந்து போன சொற்களை நாங்கள் யாரும் எண்ணிக் கொடுக்கவில்லை. மூத்தவர் ஆட்கள் மான் வளர்ப்பதில் கூட வந்தார்கள், கூடவே பேச்சும் வந்தது. பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம். ஒரு எவென்காரனாவது அவர்கள் வாசலில் வந்து, "எங்க வார்த்தையைத் திருப்பிக் குடு" என்று நின்றிருக்கிறானா? கொடுத்தவனே கேட்காதபோது, வாங்கியவர் ஏன் வாயிலிருந்து பிடுங்கி எறிகிறார்?

நேற்று டீச்சர் வீட்டுக்குப் போய் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். உறவுமுறைப் பக்கம். தம்பிக்குச் சொல் இருக்கிறது. அண்ணன் என்கிற இடத்தில் "முன்னே பிறந்தவன்" என்று போட்டிருக்கிறது. "அப்படின்னா யாரு?" என்று கேட்டேன். "அகான்னு சொல்லக் கூடாதாம், அது எவென் வார்த்தையாம்" என்றாள் டீச்சர், தலையைக் குனிந்துகொண்டு.

அகா. யெகோர் தம் அண்ணனை வேறு என்னவென்று கூப்பிட்டார்? கல்யாணத்துக்குப் பிறகு கற்றதா அது? பேச்சு வந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான் கூப்பிட்டதாக அவர்கள் அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். சண்டை போட்டு இருவரும் பேசாமல் இருந்த வருடங்களிலும், "அகாவுக்கு நெல்மா மீன் பிடிக்கும், எடுத்து வை, என்னைக்காவது வருவாரு" என்று சொல்வார். நான் எடுத்து வைப்பேன். வசந்தம் வந்து உருகியதும் நாய்க்குப் போடுவோம்.

எழுதி அழித்தவருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அழித்தார். தம்பி தன்னைக் கூப்பிட்ட வார்த்தையை வெட்டும்போது பேனா நின்றதா, ஓடியதா? இதை மட்டும் கேட்டு வாங்கி எழுது, கெண்டி.

மகள் இன்னும் மோசம். சாப்பிடும் முன் தீக்கு ஒரு துண்டு போட்டு, "சாப்பிடு, எங்களையும் பார்த்துக்கோ" என்று சொல்வது அவள் அப்பா பழக்கியது. இப்போது துண்டைப் போடுகிறாள், வாயைத் திறப்பதில்லை. ருஷ்யனில் சொன்னால் தீக்குப் புரியாது என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. அப்பா பேச்சில் சொன்னால் தப்பாகிவிடும் என்று பயம். என் வீட்டுத் தீ இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு சொல்கூடக் கேட்காமல் எரிகிறது.

யெகோர் வீட்டில் இருப்பவள்

*

யாகூத்ஸ்க்
18 ஜனவரி 1987

துமானுக்கு,

பேனா நின்றது. இதை உன் வீட்டம்மாவிடம் சொல்லிவிடு. நின்றது, பிறகு ஓடியது. ஒன்றை விட்டால் இன்னொன்றுக்கும் வழி விட வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டிய சொல் என்பதற்காக அதற்கு மட்டும் சலுகை காட்டினால், கூட்டத்தில் சிரித்தவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும் அல்லவா?

மீன் எடுத்து வைத்த விஷயம் எனக்குத் தெரியாது. நீ தின்றிருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது. தின்றது போகட்டும்.

மார்ச் தொடக்கத்தில் செர்ஸ்கியில் எனக்கு வேலை இருக்கிறது. அச்சகத்தில் ஏதோ தாமதம், புத்தகம் மார்ச் முடிவில்தான் போகும். அதற்குள் ஆந்த்ரூஷ்கினோ வந்து டீச்சரோடு உட்கார்ந்து கடைசியாகச் சரிபார்க்க வேண்டும். டீச்சர் வீட்டில் தங்கிக்கொள்வேன். தம்பி வீட்டுக்கு வர மனம் இருக்கிறது. ஆனால் வந்தால் நடுவில் பேச்சைக் கொண்டுபோக அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? நீ கடிதத்துக்குச் சரி, நேரில் சரிப்படமாட்டாய்.

யெகோரின் அண்ணன்

*

ஆந்த்ரூஷ்கினோ
15 பிப்ரவரி 1987

கெண்டியே,

வரச் சொல். பக்கத்து வீட்டு ஸ்தெபானைக் கூப்பிடலாம் என்று பார்த்தேன், அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. இந்த வீட்டில் மிச்சமிருப்பது அகுலினாதான். அவளைத்தான் நடுவில் உட்கார வைக்க வேண்டும். அவள் பேச மாட்டாள். ஆகவே மூத்தவர் வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்ப்பார், போவார். அதற்குச் சம்மதம் என்றால் வரட்டும்.

மீன் இருக்கிறது.

*

செர்ஸ்கி, விமான நிலையம்
11 மார்ச் 1987

துமானுக்கு,

இரண்டு நாளாகப் பனிப்புயல், விமானம் கிளம்பவில்லை. இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். நான் தம்பி வீட்டுக்கு வந்த அன்று உன்னை வெளியே கட்டியிருந்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. அதனால் முழுக்கச் சொல்கிறேன், உன் வீட்டம்மாவுக்குத் தெரிந்ததையும் சேர்த்து.

நான் மேஜையின் ஒரு பக்கம் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி, அடுப்பருகே உறைந்த மீனைச் சீவிக்கொண்டிருந்தார். நடுவில் பெஞ்சில் குழந்தை. அவளுக்குத் தம்பியின் நெற்றி. நான் கையில் வைத்திருந்த மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ருஷ்யனில் நன்றி சொன்னாள்.

"சின்னவளே, மீன் நல்லா இருக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றேன், எங்கள் பேச்சில்.

அவள் திரும்பி ருஷ்யனில் சொன்னாள். அடுப்பருகிலிருந்து பதில் வந்தது. "இந்தத் தீ முன்னாடி அப்பா பேச்சுலதான் கொண்டுவரணும். மத்தது கணக்குல வராது."

"என் பேச்சு தப்பும்மா" என்றாள் குழந்தை. "பாதி இரவல். பெரியப்பாவே எழுதியிருக்காரு."

துமான், இதை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததை எனக்கே நினைவுபடுத்துவதாக நினைத்துச் சொன்னாள்.

உன் வீட்டம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கத்தியைக் கீழே வைக்காமலே தீயைப் பார்த்துச் சொன்னார். "சொல்லுடி அவர்கிட்ட. உங்கப்பாவைப் புதைச்ச அன்னைக்கு வரல. வானம் சரியில்லன்னு தந்தி வந்துச்சு. மறுநாள் வானம் வெளுத்துச்சு. பிளேன்ல மாவு மூட்டை வந்துச்சு, சினிமாப் பெட்டி வந்துச்சு, இவரு வரல. இப்ப அவரோட பேச்சையும் புதைக்கணும்னு வந்திருக்காரு. சாப்பிட்டுட்டுக் கிளம்பச் சொல்லு."

ஒரு எழுத்து விடாமல் என் காதில் விழுந்தது. எனக்குப் பதில் சொல்லவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. நடுவில் இருப்பவள் சொல்லும் வரை எதுவும் சொல்லப்படவில்லை. குழந்தை அம்மாவின் முதுகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் எழுந்து ஓடிவிடுவாள் என்றே நினைத்தேன்.

பிறகு பேசினாள். தம்பியின் பேச்சில். அவனுடைய எல்லா எவென் சொற்களோடும், அவன் இழுக்கும் இழுப்போடும்.

"பெரியப்பா, அம்மா சொல்றாங்க. அப்பா உங்கள அகா அகான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நீங்க வரலன்னதும் அம்மா அழுதாங்க. மீனு உருகிடும், சீக்கிரம் சாப்பிடுங்க."

அடுப்பருகே கத்தி நின்றது. "நான் அப்படிச் சொல்லல" என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. சொல்லவில்லை. ஆகவே சொன்னது அதுதான் என்று ஆயிற்று.

இப்போது நான் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பழகிய சுத்தமான பேச்சில் ஆரம்பித்தேன். "முன்னே பிறந்தவன்" என்று தொடங்கி ஏதோ சொன்னேன். குழந்தை நெற்றியைச் சுருக்கினாள்.

"அது யாரு பெரியப்பா? எனக்கு அந்த வார்த்தை தெரியாது. தெரியாதத எப்படிக் கொண்டுபோறது?"

புத்தகத்தில் நானே கட்டிய சொல், துமான். ஒரு மேஜையைத் தாண்டி அதைக் கொண்டுபோக ஆளில்லை. நான் வேறொன்று முயன்றேன். அதற்கும் தலையை ஆட்டினாள். வெட்டிய சொற்கள் எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அவற்றைப் பேசி வளர்ந்தவன்தானே. ஆனால் அவை வாய்வரை வந்து நின்றன. அவள் காத்திருந்தாள். பொறுமையாகக் காத்திருந்தாள், அவள் அப்பாவுக்கு இல்லாத பொறுமை.

"அகாவுக்குப் பசிக்குதுன்னு சொல்லு" என்றேன் கடைசியில்.

அவள் முகம் மலர்ந்தது. "அம்மா, அகாவுக்குப் பசிக்குதாம்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். வயிற்றுப் பக்கத்துக் கொழுத்த துண்டு ஒன்று என் தட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் மூவரும் என்னென்னவோ பேசினோம். மான்களின் வயதெல்லாம் எனக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். ஒன்றைக்கூட நான் திருத்தவில்லை.

புயல் இன்னும் அடங்கவில்லை. பையில் புத்தகத்தின் தாள்கள் இருக்கின்றன. இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.

யெகோரின் அண்ணன்

*

ஆந்த்ரூஷ்கினோ
5 ஏப்ரல் 1987

கெண்டியே,

நாய்க்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை கடைசிவரை உட்கார்ந்து கேட்டது.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேசுகிறாள். போதும் போதும் என்கிற அளவுக்குப் பேசுகிறாள். நேற்று அவளுடைய பூட்ஸை அடுப்பருகே வைக்காததற்கு என்னோடு சண்டை போட்டாள், முழுக்க அப்பா பேச்சில். திட்டுகிற வார்த்தைகளையெல்லாம் எப்போது கற்றாள் என்று தெரியவில்லை. சந்தோஷத்தில் என்னால் திருப்பித் திட்ட முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் மறுபடி, "அது எவென் வார்த்தை" என்று ஆரம்பித்தாளாம். இவள் எழுந்து நின்று, "நான் இதே வார்த்தையத்தான் பெரியப்பாகிட்டக் கொண்டுபோனேன். அவரு வாங்கிக்கிட்டாரு" என்றாளாம். என்ன செய்வது என்று கேட்டு மூத்தவருக்கு எழுதப் போவதாக டீச்சர் என்னிடம் சொன்னாள்.

எனக்கும் அதுதான் கேள்வி, கெண்டி. மார்ச் முடிந்துவிட்டது. வீட்டுக்குள் வாங்கிக்கொண்டது புத்தகத்திலும் இருக்குமா? இல்லாமல் அச்சாகி வந்தால், அவள் என்னைக் கேட்க மாட்டாள். பெரியப்பா பொய் சொன்னாரா என்று தீயைக் கேட்பாள். அப்புறம் அவளைப் பேச வைக்க யாராலும் முடியாது. அதனால் எதுவானாலும் உள்ளது உள்ளபடி சொல்லச் சொல்.

யெகோர் வீட்டில் இருப்பவள்

*

யாகூத்ஸ்க்
10 மே 1987

துமானுக்கு,

உள்ளது உள்ளபடி சொல்கிறேன். செர்ஸ்கியிலேயே, அந்த விமான நிலையத்து ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வெட்டியதையெல்லாம் திரும்ப எழுதினேன். பிறகு இங்கே வந்து துறைக் கூட்டத்தில் தலைவரிடம் கொடுத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். "திரும்பவும் அதே கதம்பத்தையே கொண்டுவந்திருக்கீங்களே" என்றார்.

"பிள்ளைங்க பேசுறது இதுதான்" என்றேன்.

"அப்ப ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்துலயும் இது எவென், இது யாகூத்துன்னு போடுங்க."

"பெரியவங்க புத்தகத்துல போடுறேன். முதல் வகுப்புப் புத்தகத்துல போட மாட்டேன். சாப்பாட்டுல கை வைக்கிற குழந்தைகிட்ட இது யார் வீட்டு மீனுன்னு யாரும் சொல்றதில்ல" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த வருடம் அச்சு இல்லை. அடுத்த வருடமும் சொல்ல முடியாது. என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய ஒலிநாடாக்களைத் துடைத்து அடுக்கும் வேலை. குழந்தையிடம் சொல்ல வேண்டியது இதுதான். பெரியப்பா பொய் சொல்லவில்லை, ஆனால் புத்தகம் வரவில்லை. டீச்சருக்குக் கையால் எழுதிய தாள்களை அனுப்பிவிட்டேன். அதில் அண்ணன் என்கிற இடத்தில் அகா என்றே இருக்கிறது. அதை வைத்துப் பாடம் நடத்த அந்தப் பெண்ணுக்குத் தைரியம் இருந்தால் நடத்தட்டும்.

எனக்கு இன்னொன்று சொல்ல இருக்கிறது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அன்று அடுப்பருகே கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கொண்டுவரவில்லை. கொண்டுவராத கேள்விக்குப் பதில் சொல்வது அந்த வீட்டுக்கு அவமரியாதை. பதிலை வைத்துக்கொண்டு தூங்கவும் முடியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று உன் வீட்டம்மாவைக் கேட்டுச் சொல்.

யெகோரின் அண்ணன்

*

ஆந்த்ரூஷ்கினோ
21 ஜூன் 1987

கெண்டியே,

ஆறு உடைந்து தபால் வர இத்தனை நாள் ஆயிற்று. யெகோர் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. பனி உடைகிற சத்தம் கேட்டபோது மகளும் நானும் கரையில் நின்றோம். அவள் ஆற்றிடம் ஏதோ சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் கேட்கவில்லை.

புத்தகம் வரவில்லை என்பதை அவளிடம் உள்ளபடி சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப பெரியப்பாவுக்கும் தப்புன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பாவம், அவரும் பேசாம இருந்துடப் போறாரு" என்றாள். அதனால்தான் சீக்கிரம் எழுதச் சொல்லி என்னை நச்சரித்தாள். டீச்சர் அந்தக் கையெழுத்துத் தாள்களை மான்தோல் அட்டைக்குள் வைத்திருக்கிறாள். தைத்துக் கொடுத்தது நான்தான்.

இனி அந்தக் கேள்வி. எனக்கும் தூக்கம் வரவில்லை, அதனால் சொல்கிறேன். அன்று நான் தீயைப் பார்த்து என்னவோ சொன்னேன். கோபத்தில் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். மகள் அதைக் கொண்டுபோகவில்லை. வேறொன்றைக் கொண்டுபோனாள். நானும் மறுக்கவில்லை. மறுக்காததால் அவள் சொன்னதுதான் நான் சொன்னது. யெகோர் நடுவில் இருந்த காலத்திலும் இதுதான் சட்டம், இன்றும் இதுதான்.

ஆகவே மூத்தவரிடம் சொல். புதைத்த அன்று ஏன் வரவில்லை என்று இந்த வீட்டில் அவரை யாரும் கேட்கவில்லை. அவர் வராததற்கு நான் அழுதேன் என்றுதான் சொன்னேன். அதுவும் உண்மைதான். பதிலை இறக்கி வைத்துவிட்டுத் தூங்கச் சொல்.